மரவிதைக்கும் ஊர் பேர் வேண்டும்
விதை எடுப்போர், விற்போர், நாற்று வளர்ப்போர், மரம் நடுவோர் சேர்ந்து வைக்கும் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல், வேளாண்மை அமைச்சகங்களுக்கும், நிலத்தில் மரம் வைக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும்:

மலையில் காய் பறிப்பவர்கள், அதை வாங்கி மூட்டை கட்டுபவர்கள், நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்கள், கடன் வாங்கி மரம் வைத்த உழவர்கள் என நான்கு தரப்பும் உட்கார்ந்து பேசி இதை எழுதுகிறோம். எங்களுக்குள் விலைத் தகராறு உண்டு. எடைத் தகராறு அதைவிட அதிகம். ஆனாலும் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லை: இந்த நாட்டில் கத்தரி விதைப் பொட்டலத்துக்குக் கிடைக்கும் மரியாதை தேக்கு விதை மூட்டைக்குக் கிடையாது.

கத்தரிப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், சோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சில் இருக்கும். முளைக்காவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். கடைக்காரரிடம் போய் நிற்கலாம், விதை ஆய்வாளரிடம் புகார் தரலாம். தேக்கு மூட்டையில் என்ன எழுதியிருக்கும்? பெரும்பாலும் லாரி ஷெட்டில் போட்ட ஊர்ப் பெயரும் எடையும்தான். முளைத்தது வரை சரி. மரம் கோணலாகப் போகிறது, சீக்கிரமே பூத்துக் கிளைத்துக் குட்டையாகிறது என்று தெரியவரும்போது பல வருஷம் ஓடியிருக்கும். யாரிடம் போய் நிற்பது?

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் 'விதை' என்று எவற்றைச் சொல்கிறது என்று படித்துப் பார்த்தோம். உணவுப் பயிர்கள், சமையல் எண்ணெய் வித்துக்கள், பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம், சணல். அவ்வளவுதான் பட்டியல். தேக்கு இல்லை, சவுக்கு இல்லை, வேங்கை இல்லை. ஆகவே எங்கள் மூட்டையில் கை வைத்து மாதிரி எடுக்க எந்த விதை ஆய்வாளருக்கும் அந்தச் சட்டத்தில் வேலை இல்லை. 2004-இல் மாநிலங்களவைக்கு வந்த புதிய விதை மசோதா சட்டமாகாமலே போயிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1990-களில் தேக்குத் தோட்டத்தில் பணம் போடுங்கள் என்று விளம்பரம் செய்த நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு கரைந்தது. உடனே 1999-இல் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பணத்துக்குக் காவல் வந்துவிட்டது. அந்தத் தோட்டங்களில் நட்ட நாற்று எந்த விதையிலிருந்து வந்தது என்று கேட்க மட்டும் அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை.

இப்போது 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக இலக்கு வைத்திருக்கிறது. மகிழ்ச்சி. அத்தனை மரத்துக்கும் விதை வேண்டுமே. அது எங்கள் கை வழியாகத்தான் வரப்போகிறது. அதனால்தான் இப்போது கேட்கிறோம்.

சீட்டு இல்லாமல் விதை கைமாறக் கூடாது

எங்கள் முதல் கோரிக்கையும் தலையாய கோரிக்கையும் இதுதான். ஒரு படி விதையானாலும் ஒரு லாரி விதையானாலும் அதனுடன் ஒரு சீட்டு போக வேண்டும். அதில் மரத்தின் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும், விதை எடுத்த மாவட்டமும் கிராமமும் (காடாக இருந்தால் வனச்சரகம்), எத்தனை தாய் மரங்களில் எடுத்தது என்பதும், பறித்த மாதமும், முளைப்பு சோதித்த நாளும் இருக்க வேண்டும். விதை மறு கைக்குப் போகும்போது அந்தச் சீட்டும் போக வேண்டும். இரண்டு ஊர் விதையைக் கலந்தால் கலந்தது என்று எழுத வேண்டும்.

தாவரவியல் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் மலைவேம்பு வாங்கியவர்களைக் கேட்கட்டும். மீலியா டூபியா, மீலியா அசடராக் இரண்டையும் நம் ஊரில் மலைவேம்பு என்றே சொல்கிறோம். முதலாவது ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகும் நெடுமரம். இரண்டாவது அந்த உயரத்துக்கும் பருமனுக்கும் வராது. கொட்டையாகக் கையில் வாங்கும்போது பழகாத கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. அதோடு டூபியா கொட்டை லேசில் முளைக்கவும் முளைக்காது. ஆடு தின்று துப்பிய கொட்டை கூடுதலாக முளைக்கிறது என்று பட்டிகளில் பொறுக்கி வந்து விற்கிறவர்கள் உண்டு. அது நல்ல விதைதான், தப்பில்லை. ஆனால் ஆடு எந்த மரத்தடியில் மேய்ந்தது என்று ஆட்டுக்காரருக்குத்தானே தெரியும்? அவரிடம் கேட்டு எழுதுங்கள் என்கிறோம்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு, அதாவது ஓஇசிடி, நாடுகளுக்கிடையே போகும் வனவிதைக்கு நான்கு நிறச் சீட்டு வைத்திருக்கிறது. எடுத்த இடம் மட்டும் தெரிந்தால் மஞ்சள். தேர்ந்த தோப்பில் எடுத்தால் பச்சை. தேர்ந்த தாய் தந்தை மரங்களை வைத்து அமைத்த விதைத் தோட்டத்தில் எடுத்தால் இளஞ்சிவப்பு. பிள்ளை மரங்களை நட்டுச் சோதித்து மேன்மை நிரூபித்திருந்தால் நீலம். நீலத்துக்கு நாங்கள் இப்போதே ஆசைப்படவில்லை. எல்லா மூட்டையிலும் மஞ்சள் இருந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கைக்கு எட்டும் மரம்

சவுக்கு விதை எப்படி எடுக்கிறோம் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். காய் பச்சை மாறிப் பழுப்பு ஏறும் தருணத்தில் பறிக்க வேண்டும். தார்ப்பாயில் பரப்பினால் இரண்டு மூன்று வெயிலில் வாய் திறந்து விதையைக் கொட்டிவிடும். தூசு மாதிரி இருக்கும். ஒரு கிலோவில் பல லட்சம் விதை. காற்றடித்தால் பறந்துவிடும், அசந்தால் எறும்பு சாரை சாரையாகத் தூக்கிப் போய்விடும். பாயைச் சுற்றிச் சாம்பல் போட்டுவிட்டுக் காவல் இருக்க வேண்டும்.

இத்தனை பாட்டுக்கும் கூலி கிலோ கணக்கில். அப்படியிருக்க எந்த மரத்தில் பறிப்போம்? குட்டையாக, கிளை பரப்பி, கையை நீட்டினால் எட்டும்படி நிற்கிற மரத்தில்தான். ஓங்கி நேராக வளர்ந்த மரத்தில் உச்சிக்குப் போனால்தான் நாலு காய். ஓரத்தில் தனித்து நிற்கும் குட்டை மரத்திலோ கொத்துக் கொத்தாகக் காய். எடைக்கு அதுதான் லாபம். அந்த விதைதான் நாற்றாகி உங்கள் வயலுக்கு வருகிறது. மரம் குட்டையாக வளர்ந்தால் மண்ணைக் குறை சொல்கிறீர்கள், மழையைக் குறை சொல்கிறீர்கள்.

ஒரே மரத்தில் முழு மூட்டையும் எடுப்பது இன்னொரு கேடு. பிள்ளைகள் எல்லாம் நெருங்கிய உறவாகி, அடுத்த தலைமுறையில் வீரியம் குன்றும். தைல மரத்தில் நாடே இதைப் பார்த்திருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் நின்ற சொற்ப மரங்களின் வழிவந்த 'மைசூர் கம்' விதைதான் இந்தியா முழுக்க லட்சக்கணக்கான ஏக்கரில் போயிற்று. பிற்பாடு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெட்ஃபோர்டு, கென்னடி ஆறு என்று ஊர் பேர் எழுதி வந்த விதையைப் பக்கத்தில் நட்டுப் பார்த்தபோதுதான் இத்தனை காலம் எதை இழந்தோம் என்று தெரிந்தது.

ஆகவே கேட்கிறோம்: வனத்துறையும், கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் அடையாளம் கண்டு வைத்திருக்கும் விதை உற்பத்திப் பரப்புகள், விதைத் தோட்டங்கள், தேர்ந்த தாய் மரங்கள் ஆகியவற்றின் பட்டியலைத் தமிழில் ஊர் வாரியாக வெளியிடுங்கள். அவற்றில் முறையாக விதை எடுக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள், அல்லது நீங்களே எடுத்து எங்களுக்கு விற்றுவிடுங்கள். குறைந்தது 30 தாய் மரங்களில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவற்றில் எடுத்த விதைக்குக் கூடுதல் விலை அறிவியுங்கள். உச்சிக்குப் போய் எடுக்கிறவருக்கும் ஓரத்தில் நின்று எடுக்கிறவருக்கும் ஒரே கூலி என்றால் யாரும் ஏறமாட்டார்கள்.

செத்துப் போகும் சரக்கு

மரவிதையில் இரண்டு சாதி. வாகை, சவுக்கு, செம்மரம் மாதிரி காயவைத்துக் கட்டினால் காத்திருக்கும் விதை ஒன்று. நாவல், பலா, இலுப்பை, மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக்குங்கிலியம் மாதிரி ஈரம் போனால் உயிரும் போகும் விதை இன்னொன்று. இந்த இரண்டாம் சாதியை மளிகைச் சரக்கு போல நடத்துகிறார்கள். பிளாஸ்டிக் சாக்கில் இறுக்கிக் கட்டி, பார்சல் ஆபீஸில் நாலு நாள் போட்டு வைத்தால் உள்ளே வேர்த்து, புழுங்கி, பூஞ்சை பிடித்துவிடும். பிரித்தால் சூடு கையில் அடிக்கும்.

வேம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மரத்தில் மஞ்சள் ஏறும்போதே பறித்து, அன்றே சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தினால் சில மாதம் தாங்கும். தரையில் விழுந்து, மழையில் நனைந்து, வெயிலில் வெந்து, கூட்டிக் குவித்த கொட்டை சில வாரத்திலேயே போய்விடும். அது எண்ணெய்க்கு ஆகும், நாற்றுக்கு ஆகாது. சந்தையில் இரண்டும் ஒரே குவியல். சோதிக்க ஆய்வுக்கூடமே வேண்டாம்: பத்துக் கொட்டையை எடுத்து ஓட்டை உடைத்துப் பருப்பைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுத்த மஞ்சளோ பழுப்போ ஆனால் ஆலைக்கு அனுப்புங்கள்.

வேகம் என்றால் என்ன என்பதற்கு 1876-ஐ நினைவுபடுத்துகிறோம். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். ரப்பரும் ஈரம் போனால் சாகும் விதை. முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அந்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900-ஐ அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பி, ஹெனரத்கொடையில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் வம்சம். அந்தக் காலத்துக் கப்பலில் நூற்றுக்கு மூன்று நான்கு பிழைத்தது. இந்தக் காலத்து நெடுஞ்சாலையில், சோதனைச் சாவடியில் ஒரு காகிதம் குறைகிறது என்று நிறுத்திவைத்து அதையும் சாகடிக்கிறோம்.

ஈரவிதைக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள விதை சீட்டோடு வந்தால் சாவடியில் பார்த்துக் கையெழுத்திட்டு அப்போதே அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் மாதிரியை எடுத்துக்கொண்டு சரக்கை விட்டுவிட வேண்டும்.

அரசுத் திட்டப் பணமும் பருவம் பார்த்து வர வேண்டும். வேம்பு ஆனி, ஆடியில் உதிர்கிறது. நிதி ஒதுக்கி, ஒப்பந்தப்புள்ளி திறந்து, உத்தரவு கைக்கு வரும்போது ஆவணி முடிந்திருக்கும். அப்புறம் எங்கிருந்து வரும் நல்ல விதை? சில காட்டு மரங்கள் வருஷா வருஷம் காய்ப்பதும் இல்லை. நல்ல காய்ப்பு வரும் வருஷத்தில் வாங்கி வைத்துக்கொள்ள இரண்டு, மூன்று ஆண்டுக்கான கொள்முதல் அனுமதி வேண்டும்.

பறித்தவர் பெயர்

1865-இல் பொலிவியாவின் மலைக்காடுகளில் சின்கோனா விதை சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகருக்காக எடுத்தார். அதில் ஒரு பகுதியை டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். அந்த மரப்பட்டையில் எடுக்கும் கொய்னா மருந்துச் சந்தையே அவர்கள் கைக்குப் போனது. மாமானி பிறகு சிறைப்பட்டு, அடிபட்டு, அதன் விளைவாகவே இறந்தார். மரத்துக்கு வைத்த பெயர் சின்கோனா லெட்ஜெரியானா.

அடி உதை இன்று வேண்டுமானால் குறைந்திருக்கலாம். மலையில் கூடை நிறையக் காயோடு இறங்கி வரும் பெண்ணை வழிமறித்து, எங்கே திருடினாய் என்று கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரக்கட்டை அல்லாத தாவர விளைபொருள் அனைத்தையும் சிறு வனப்பொருள் என்கிறது. அதைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்வோருக்கு உடைமை உரிமை தருகிறது. 2012-இல் திருத்திய விதிகள், அதைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழு வழங்கலாம் என்றும், கட்டணமோ உரிமத் தொகையோ வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. நடுவதற்கான விதையும் இதில் அடங்கும் என்று வனத்துறை ஒரு சுற்றறிக்கையில் தெளிவாக எழுதி ஒவ்வொரு சாவடியிலும் ஒட்ட வேண்டும். நாங்கள் கேட்கும் சீட்டையும் அனுமதிச் சீட்டையும் கிராம சபை ஒரே தாளில் கொடுத்துவிடலாம். இடத்தைச் சான்று சொல்ல அந்த ஊரைவிடத் தகுந்தவர் யார்?

மரம் ஏறி விதை எடுப்பவருக்கு இடுப்புக் கயிறும் வலையும் பயிற்சியும் வேண்டும். பனையேறிகளுக்கு நல வாரியம் இருக்கிறது. விதைக்காக மரம் ஏறுகிறவரையும் ஏதாவது ஒரு நல வாரியத்தில் சேர்த்து, விழுந்தால் சிகிச்சைக்கும், இறந்தால் குடும்பத்துக்கும் உதவி கிடைக்கச் செய்யுங்கள்.

கடல் தாண்டி வரும் விதை

சீமைக்கருவேலத்தை யார் கொண்டுவந்தது என்று டீக்கடைகளில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்வார்கள். பதிவில் இருப்பது, பழைய சென்னை மாகாணத்து வனத்துறை 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைத்தது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்ற நல்லெண்ணம்தான். ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களைப் போய்ப் பாருங்கள். அழகுக்கு வந்த மஞ்சள் கொன்றை ஒன்று இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லை முடக்கிக்கொண்டு நிற்கிறது.

அதற்காகக் கதவை அடைக்கச் சொல்லவில்லை. 1990-களில் திமோர் தீவுப் பகுதிகளின் சவுக்கு இனத்தை இடம் குறித்து வரவழைத்து, நட்டு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இன்று நம் உழவர்களுக்கு வறட்சி தாங்கும் சவுக்கு கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு மரவிதை எதுவானாலும் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி நோய், பூச்சி சோதனை நடக்கட்டும். அதோடு, அந்த மரம் நம் காட்டில் களையாகுமா என்ற தனிச் சோதனையும், ஒரு சிறு திடலில் பல ஆண்டுப் பார்வையும் முடியாமல் விற்பனைக்கு விடக் கூடாது. இணையத்தில் பொட்டலமாக வந்து இறங்கும் விதைக்கும் இது பொருந்த வேண்டும்.

உள்நாட்டிலும் நோய் பயணம் செய்கிறது. வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமான பூஞ்சை விதை வழியாகவும் பரவும். தைல மரத்தின் கரணைக் குளவி 2000-களின் தொடக்கத்தில் இங்கே வந்து, நாற்றோடு நாற்றாக ஊர் ஊராகப் போயிற்று. மண்ணோடு நாற்றைத் தூர மாவட்டங்களுக்கு லாரியில் ஏற்றுவதைக் குறைத்து, நல்ல விதையை அனுப்பி அங்கேயே நாற்று வளர்க்க உதவுங்கள். செலவும் குறையும், அந்த ஊரில் நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். இங்கிருந்து வெளிநாடு போகும் விதைக்கு, சென்னையிலேயே இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் எடுத்த ஊரின் பெயரைப் பதிவு செய்து, ஆதாயத்தில் அந்த ஊருக்குப் பங்கு கேட்டு வாங்கித் தர வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மாநில விதைப் பரிசோதனை நிலையங்கள் மரவிதை மாதிரியையும் உழவரிடம் வாங்கி முளைப்பு சோதித்துத் தர வேண்டும். மலையடிவார ஊர்களில் குளிர்ந்த சேமிப்பு அறை வேண்டும். சிறு சேகரிப்பாளரின் விதைக்கு ஏற்ற காலத்தில் முன்பணம் வேண்டும். நாற்று ஒப்பந்தப்புள்ளியில் உயரமும் பை அளவும் மட்டும் கேட்காமல் விதை மூலத்தையும் கேட்க வேண்டும். குறைந்த விலை கேட்டவர் என்பதற்காகவே பெயர் தெரியாத விதையின் நாற்றை அரசு வாங்கக் கூடாது.

எங்கள் தரப்பில் சொல்வது: எண்ணெய்க்கான கொட்டையை விதை என்று விற்கமாட்டோம். பழைய விதையைப் புதியதோடு கலக்கமாட்டோம். தேக்குக் கொட்டைக்குள் அறை நான்கும் காலியாக இருக்கக் கூடும் என்பதால், விற்கும்போது வெட்டிக் காட்டுவோம். சீட்டில் பொய் எழுதியவரை எங்கள் சந்தையில் உட்கார விடமாட்டோம்.

விதைச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். அதற்கு நாளாகும் என்று எங்களுக்கும் தெரியும். அரசுப் பணத்தில் வாங்கும் எந்த மரவிதைக்கும், நாற்றுக்கும் ஊர் பேர் எழுதிய சீட்டு இல்லாவிட்டால் பணம் இல்லை என்று சொல்ல ஒரு அரசாணை போதும். பங்குனிக்குள் அது வந்தால் வரும் ஆனி வேப்ப விதைக்கே நடைமுறையாகும். அந்த அரசாணையைப் பிறப்பிக்குமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, மரம் வைக்கும் உழவர்களே, சீட்டு இல்லாத மூட்டைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.